லேத்தில் எந்த உலோகத்துக்கு எந்த டூல்?

குளச்சலிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ ஒரு விசைப்படகின் புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட், உலோகத்தைச் சுழற்றிக் கடையும் நாகர்கோவில் லேத் பட்டறை ஒன்றுக்கு வந்து இறங்கும்போது, பெரும்பாலும் அது தனியாக வருவதில்லை. ஷாஃப்டைச் சுற்றி உறைபோல இருந்து தேய்ந்துபோன பழைய புஷ் ஒன்று, அதற்குப் பதிலாகப் புதிதாகக் கடைந்து தர வேண்டிய கன்மெட்டல் வார்ப்பு ஒன்று, எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங் ஒன்று என எல்லாம் ஒரே சாக்கில் கூடவே வரும். ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கன்மெட்டல் என்பது செம்பும் வெள்ளீயமும் சிறிது துத்தநாகமும் சேர்ந்த கலவை, கப்ளிங் எம்.எஸ். என்று நாம் சொல்லும் மென்னெஃகாகவோ வார்ப்பிரும்பாகவோ இருக்கும். இவை அனைத்தையும் ஒரே லேத்தில்தான் கடையப் போகிறோம் என்றாலும், ஒரே டூலைக் கட்டிவைத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தொடங்கினால், ஷாஃப்டில் ஏறாத டூல் புஷ்ஷில் கவ்வி இழுக்கும். புஷ்ஷில் நன்றாக ஓடிய டூல் எம்.எஸ்.ஸில் பிய்த்துப் பிய்த்து எடுக்கும்.

கோணம் அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் டர்னர் பயிற்சி முடித்து, முதன்முதலாக ஒரு பட்டறையில் லேத்தின் முன் நிற்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “இருப்பதிலேயே நல்ல டூல் எது அண்ணே?” என்பதுதான். நல்ல டூல் என்று அவர்கள் சொல்வது கடினமான டூலை. கேள்வியில் உள்ள ஆர்வம் எனக்குப் பிடிக்கும்; ஆனால் எந்த உலோகம், எந்த லேத், என்ன வேலை என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல இயலாது. அந்த விடையை அவரவரே கண்டுபிடித்துக்கொள்ளத் தேவையானவற்றை இங்கே எளிமையாக விளக்க முயல்கிறேன். வெட்டுக்கருவி என்று பாடநூல்களில் எழுதினாலும் பட்டறையில் அது டூல்தான் என்பதால், அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

கூர்மையும் உறுதியும்

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அதிகாலையில் பால் வெட்டுகிறவரின் கையிலுள்ள கத்தியைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் பட்டையை மெல்லிய சீவலாக, உள்ளே தடி காயப்படாமல் எடுக்கும் அளவுக்கு அதன் வாய் கூர்மையாக இருக்கும். அதே கத்தியை எடுத்து விறகு பிளக்கப் போனால் இரண்டாவது வெட்டிலேயே வாய் பல்லுப் பல்லாகப் போய்விடும். விறகு பிளக்கும் கோடாலியின் வாயோ தடித்தது. எவ்வளவு ஓங்கிப் போட்டாலும் தாங்கும், ஆனால் அதைக் கொண்டு பட்டை சீவ முடியாது. இரண்டும் நல்ல கருவிகளே. ஒன்றில் கூர்மையைக் கூட்டி உறுதியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மற்றதில் உறுதியைக் கூட்டிக் கூர்மையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

லேத் டூலிலும் இதே பேரம் நடக்கிறது. டூலின் முனையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது ஓர் ஆப்பு போலத் தெரியும். அந்த ஆப்பின் மேற்பரப்பின் மீது ஏறித்தான் சீவப்பட்ட உலோகம் சுருளாக வெளியேறுகிறது. அந்தப் பரப்பு பின்னோக்கிச் சரிந்திருக்கும் கோணத்துக்கு ரேக் என்று பெயர். ஆப்பின் முன்பக்கம் வேலைப்பொருளை உரசாமல் இருப்பதற்காக உள்நோக்கிச் சாய்த்து அரைத்திருப்பார்கள். அந்தச் சாய்வு கிளியரன்ஸ். ரேக், கிளியரன்ஸ், நடுவே எஞ்சும் ஆப்பு ஆகிய மூன்று கோணங்களும் சேர்ந்தால் எப்போதும் 90 பாகை வரும். மென்னெஃகுக்காக ரேக்கை 14 பாகையாகவும் கிளியரன்ஸை 8 பாகையாகவும் அரைத்தால், வெட்டும் ஆப்பு 68 பாகை. அலுமினியத்துக்காக ரேக்கை 25 பாகைக்கு உயர்த்தினால் ஆப்பு 57 பாகையாக மெலிந்து, உலோகத்தை மிக எளிதாகச் சீவும். ஆனால் அதே முனை ஒரு முரட்டு வார்ப்பின் மணல் படிந்த தோலில் மோதினால் உடைந்துவிடும். பித்தளைக்கு ரேக்கே வேண்டாம் என்று வைத்தால் ஆப்பு 82 பாகையாகத் தடித்து நிற்கும்.

கிளியரன்ஸை மட்டும் எந்த உலோகத்துக்கும் பூச்சியமாக வைக்க முடியாது. கிளியரன்ஸ் இல்லாத டூல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு ஏறும், டூலின் முகம் பளபளவென்று மின்னும், வேலைப்பொருள் கீறல் விழுந்து கிடக்கும். புதிதாக அரைக்கப் பழகுகிறவர்களின் டூல் வெட்ட மறுக்கும்போது, பத்தில் எட்டு முறை காரணம் இதுவாகவே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

டூல் எதனால் ஆனது

பழங்காலத்து டூல்கள் சாதாரணக் கார்பன் எஃகில் செய்யப்பட்டவை. அவை கூர்மையில் குறைந்தவையல்ல. ஆனால் 200, 250 பாகை செல்சியஸ் சூட்டைத் தாண்டியவுடன் மெத்தென்று ஆகிவிடும். உலோகத்தை வேகமாகச் சீவும்போது முனையில் அதைவிட எவ்வளவோ அதிகச் சூடு பிறக்கும் என்பதால், அந்தக் காலத்து லேத்துகளை மெதுவாகவே ஓட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பெத்லஹெம் எஃகாலையில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் 1890களின் இறுதியில் செய்த சோதனைகள் இதை மாற்றின. டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த எஃகை, அதுவரை யாரும் துணியாத அளவுக்குச் சூடேற்றிப் பதப்படுத்தினால், அது செந்நிறமாகக் கனன்றபோதும் வெட்டும் தன்மையை இழக்கவில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், முனை சிவந்த நிலையிலேயே உலோகத்தைச் சீவிக்கொண்டிருந்த டூலை மக்கள் பார்த்தார்கள். நாம் எச்.எஸ்.எஸ். என்று சொல்லும் ஹை ஸ்பீட் ஸ்டீல் அந்த வழியில் வந்ததுதான். ஏறத்தாழ 600 பாகை வரை அது தன் கடினத்தைக் காத்துக்கொள்ளும்.

அடுத்தது கார்பைடு. டங்ஸ்டன் கார்பைடுத் தூளையும் கோபால்ட்டையும் சேர்த்து அழுத்திச் சுட்டுச் செய்யும் இந்தப் பொருளை 1923இல் ஜெர்மனியின் ஒஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் உருவாக்கினார். சில ஆண்டுகளில் க்ரூப் நிறுவனம் அதை ‘விடியா’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘வைரத்தைப் போல’ என்று பொருள்படும் ‘வீ டியாமண்ட்’ என்ற ஜெர்மன் தொடரின் சுருக்கம் அது. நம் ஊர்ப் பட்டறைகளில், யார் செய்த கார்பைடாக இருந்தாலும் அதை ‘விடியா டூல்’ என்றே சொல்கிறோம். 900 பாகைச் சூட்டிலும் விடியா வெட்டும், தேய்மானத்தை எச்.எஸ்.எஸ்.ஸைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் அடியைத் தாங்காது. கல்லைப் போலக் கடினமானது, கல்லைப் போலவே தெறிக்கக்கூடியது.

தெறிப்பது என்றால் என்ன என்பதை நான் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் கற்றுக்கொண்டேன். 50 மி.மீ. ஷாஃப்ட் ஒன்றில் சாவிப் பள்ளம் வெட்டியிருந்த முனைப்பகுதியை அரை மில்லி மீட்டர் குறைக்க வேண்டியிருந்தது. புதிய விடியா டூலைக் கட்டி ஓட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தின் விளிம்பு வந்து டூலில் மோதியது. நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நிமிடத்துக்கு 300 அடி. முதல் டூலின் முனை சிறு பிறைபோல உடைந்து விழுந்தது. அரைத்துக் கட்டினேன், மீண்டும் உடைந்தது. மதியத்துக்குள் மூன்று டூல்கள் போய்விட்டன. பட்டறையில் மூத்தவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், நாலு நூல், அதாவது அரை அங்குல எச்.எஸ்.எஸ். டூல் ஒன்றை எடுத்துக் கட்டினார். வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார். அதே பள்ளம் அதே விளிம்பில் வந்து மோதியது, டூல் தாங்கியது, வேலை முடிந்தது. விட்டு விட்டு வெட்ட வேண்டிய இடங்களிலும், சதுரக் கம்பியை உருட்டாக்கும்போதும், பழைய லேத் அதிரும்போதும் எச்.எஸ்.எஸ்.ஸை நாடுவது பின்தங்கிய பழக்கமன்று. அந்த வேலைக்கு வேண்டியது கடினத்தைவிட உறுதி என்பதே காரணம்.

இதற்கு ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். தேய்ந்த ஷாஃப்டில் வெல்டிங் வைத்து மேடாக்கிக் கடையக் கொண்டுவந்தால், அந்த வெல்டிங்கின் தோலில் ஆங்காங்கே மிகக் கடினமான புள்ளிகள் இருக்கும். எச்.எஸ்.எஸ். முனை அங்கே மழுங்கிவிடும். அங்கு விடியாவே வேண்டும். ஆனால் விடியாவிலும் உறுதி கூடிய ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். டூலின் மீது பி10, பி20, பி30 என்றோ கே10, கே20 என்றோ பொறித்திருப்பார்கள். எழுத்து எந்த உலோகத்துக்கு என்பதைச் சொல்கிறது: பி எஃகுக்கு, எம் ஸ்டெயின்லெஸுக்கு, கே வார்ப்பிரும்புக்கு. எண் சிறியதாக இருந்தால் கடினம் கூடுதல், பெரியதாக இருந்தால் உறுதி கூடுதல். ஆகவே வெல்டிங் மேட்டுக்கு பி10 அன்று, பி30. வார்ப்பிரும்புக்கான கே ரகத்தை எஃகில் போட்டால், சூடான எஃகுச் சுருள் டூலின் மேற்பரப்பை உறிஞ்சியெடுத்தாற்போலக் குழியாக்கிவிடும். அதைத் தடுக்கவே பி ரகத்தில் டைட்டானியம் கார்பைடு போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். கடையில் பெட்டியைப் பார்த்தால் நிறத்தாலும் அடையாளம் காணலாம்: எஃகுக்கு நீலம், ஸ்டெயின்லெஸுக்கு மஞ்சள், வார்ப்பிரும்புக்குச் சிவப்பு.

லேத் என்ன வேகம் தரும்?

விடியா தன் முழுப் பயனைத் தர வேண்டுமானால் வேகம் வேண்டும். இங்கே வேகம் என்பது சுற்று எண்ணிக்கையைக் குறிப்பதில்லை; டூலின் முனையைத் தாண்டி உலோகத்தின் மேற்பரப்பு ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதைக் குறிக்கும். மென்னெஃகில் எச்.எஸ்.எஸ்.ஸுக்கு நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர் போதும்; விடியாவுக்கு 100 மீட்டருக்கு மேல் வேண்டும். சுற்று எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க, இந்த வேகத்தை 1000ஆல் பெருக்கி, விட்டத்தின் 3.14 மடங்கால் வகுக்க வேண்டும். விட்டத்தை மில்லி மீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

40 மி.மீ. எம்.எஸ். கம்பியை 28 மீட்டர் வேகத்தில் எச்.எஸ்.எஸ். கொண்டு கடைவதென்றால், 28,000ஐ 125.6ஆல் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 223 சுற்று. எந்தப் பழைய லேத்தும் அதைத் தரும். அதே கம்பியை விடியா கொண்டு 120 மீட்டர் வேகத்தில் கடைய 955 சுற்று வேண்டும். கம்பி 20 மி.மீ. மட்டுமே என்றால் 1,910 சுற்று வேண்டும். பெல்ட்டில் ஓடும் பழைய லேத் ஒன்றின் உச்ச வேகம் 600 சுற்று என்று வைத்துக்கொண்டால், அந்த 20 மி.மீ. கம்பியில் அதனால் 38 மீட்டரைக்கூட எட்ட முடியாது. அந்த வேகத்தில் விடியாவைப் போட்டால், வெட்டப்பட்ட உலோகமே முனையில் சிறு சிறு துணுக்காக ஒட்டி, பின் பிய்ந்து, பிய்யும்போது டூலின் விளிம்பையும் கூடவே கொண்டுபோகும். வேலைப்பொருளின் மேற்பரப்பு கிழிந்த துணி போல இருக்கும். விலை கூடிய டூலை வாங்கிப் போட்டும் வேலை மோசமானது ஏன் என்று பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். சிறு விட்டமும் மெதுவான லேத்தும் சேர்ந்தால் நன்கு அரைத்த எச்.எஸ்.எஸ். டூலே மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மறுபுறம், எச்.எஸ்.எஸ்.ஸை அதன் வரம்புக்கு மேல் ஓட்டுவதும் நட்டமே. வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை டெய்லர் 1907இல் ஒரு சூத்திரமாகவே வெளியிட்டார். அதன்படி எச்.எஸ்.எஸ். டூலின் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால், அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி வேகத்தைக் கூட்டுகிறவர், மிச்சமான நேரத்தை அரவைக் கல்லின் முன்னால் நின்று செலவழிக்க வேண்டியிருக்கும்.

உலோகத்தின் குணம்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடற்கரை மாவட்டமான நமக்கு இது அன்றாட வேலை. உப்புக் காற்றிலும் உப்புநீரிலும் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகப் படகு ஷாஃப்டுகளில் பயன்படும் இந்த எஃகுக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தப்பட்டால் இறுகிவிடும். டூல் மழுங்கியிருந்தாலோ, ஃபீடு எனும் முன்னகர்வு இல்லாமல் ஒரே இடத்தில் நின்று தேய்த்தாலோ, மேல்தோல் பளபளப்பாகி, அடியில் இருப்பதைவிட மிகக் கடினமாகிவிடும். அதன்பின் எந்த டூலும் அதில் ஏறச் சிரமப்படும். ஆகவே கூர்மையான டூல், 10 பாகை அளவில் ரேக், எச்.எஸ்.எஸ். என்றால் நிமிடத்துக்கு 15 மீட்டர் அளவான மெதுவான வேகம், நின்றுவிடாத ஃபீடு, சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவமான கூலண்ட் தாராளமாக ஆகியவை தேவை. 50 மி.மீ. ஷாஃப்டில் 15 மீட்டர் என்பது 95 சுற்று மட்டுமே. மெதுவாகத் தெரியும், ஆனால் அதுவே சரி. இறுதி வெட்டு என்று மயிரிழை அளவுக்கு மட்டும் உரசிப் பார்க்கும் பழக்கம் எம்.எஸ்.ஸில் நடக்கும், ஸ்டெயின்லெஸில் கடைசி வெட்டும் இறுகிய தோலுக்கு அடியில் இறங்கும் அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும்.

கன்மெட்டலும் பித்தளையும் இதற்கு நேர்மாறானவை. மென்னெஃகுக்கு அரைத்த ரேக் உள்ள டூலைப் பித்தளையில் விட்டால், உலோகம் டூலைத் தன்னுள்ளே இழுக்கும். டூல் திடீரென ஆழமாகக் கவ்வும். வேலைப்பொருள், அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கிலிருந்தே பிடுங்கப்படலாம். மேற்பரப்பைத் தட்டையாக அரைத்து, ரேக்கைப் பூச்சியமாகவோ அதற்கு மிக நெருக்கமாகவோ வைத்தால் இந்த இழுப்பு நின்றுவிடும். பித்தளையில் துகள் சுருளாக வராமல், மஞ்சள் மழை போலச் சிதறித் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் அதன் முன் நிற்கக் கூடாது.

வார்ப்பிரும்பின் துகள் பொடியாக உதிரும். அதற்கு ரேக் ஐந்து பாகை அளவில் இருந்தால் போதும். கூலண்ட் வேண்டாம், ஊற்றினால் பொடியோடு சேர்ந்து சேறாகி லேத்தின் படுகையைத் தேய்க்கும். வார்ப்பின் வெளித்தோலில் மணலும் கடினமான படலமும் இருப்பதால், முதல் வெட்டைத் தயங்காமல் அந்தத் தோலுக்கு அடியில் போகும்படி ஆழமாக எடுத்துவிட வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டினால் டூலின் முனை மணலில் தேய்ந்து முடிந்துவிடும். அலுமினியத்துக்குக் கூடுதல் ரேக்கும், ஒட்டிக்கொள்ளாதிருக்கச் சிறிது மண்ணெண்ணெயும் போதும்.

வேலைக்கேற்ற வடிவம்

உலோகத்துக்கேற்ற பொருளும் கோணமும் முடிவான பிறகே வடிவம் வருகிறது. வலமிருந்து இடமாக, அதாவது லேத்தின் வலக்கோடியில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கத்திலிருந்து சக்கை நோக்கி வெட்டுவது வலக்கை டூல். அதன் எதிர்த்திசையில் வெட்டுவது இடக்கை டூல். பெயர் குழப்பினால், டூலின் வெட்டும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே அது வெட்டிச் செல்லும் என்று நினைவில் வைத்தால் போதும். முதலில் பருமனாக எடுக்கும் ரஃபிங்குக்கு உறுதியான, தடித்த முனை. இறுதி ஃபினிஷிங்குக்கு முனையில் சிறு வளைவு.

அந்த வளைவின் அளவு மேற்பரப்பை எப்படி மாற்றுகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீடு கொடுத்து, முனை வளைவின் ஆரம் 0.4 மி.மீ. ஆக இருந்தால், மேற்பரப்பில் விழும் வரிகளின் ஆழம் 12.5 மைக்ரான், ஆரத்தை 0.8 மி.மீ. ஆக்கினால் 6.25 மைக்ரான். வளைவை இரட்டிப்பாக்கினால் வரியின் ஆழம் பாதியாகிறது. ஃபீடைப் பாதியாக்கினாலோ கால் பங்காகிறது. பெரிய வளைவு எப்போதும் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மெல்லிய, நீண்ட ஷாஃப்டில் பெரிய வளைவுள்ள முனை பொருளைப் பக்கவாட்டில் தள்ளும், ஷாஃப்ட் அதிரும், அதிர்வு மேற்பரப்பில் மீன் செதில் போலப் பதியும். அப்போது வளைவைக் குறைப்பதே மருந்து.

துண்டாக்கும் பார்ட்டிங் டூல் குறுகலானது, மூன்று மில்லி மீட்டர் அளவில் இருக்கும். வெளியே நீட்டும் அளவை இயன்றவரை குறைத்து, வேகத்தைப் பாதியாக்கி ஓட்ட வேண்டும். மரை வெட்டும் டூலின் முனைக்கோணம் மெட்ரிக் மரைக்கு 60 பாகை. பழைய விட்வொர்த் மரைக்கும், தண்ணீர்க் குழாய்களில் உள்ள மரைக்கும் 55 பாகை. இந்த ஐந்து பாகை வேறுபாட்டைக் கண்ணால் பிடிக்க முடியாது. இந்தக் கோணங்கள் வெட்டப்பட்ட தகடான சென்டர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். துளையின் உட்புறம் கடையும் போரிங் டூலுக்குக் கிளியரன்ஸ் கூடுதலாக வேண்டும், ஏனெனில் துளையின் சுவர் டூலின் அடியில் வளைந்து வந்து அதன் குதிகாலை உரசும். அந்த டூலைத் தாங்கும், இரும்பால் ஆன போரிங் பாரை அதன் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீட்டாமல் இருப்பது நல்லது. நீட்டிய நீளம் இரட்டிப்பானால் பார் வளைந்து கொடுக்கும் அளவு எட்டு மடங்காகும் என்பதே இதன் காரணம். வெளிப்புற டூலுக்கும் இதே கணக்குத்தான்.

அரைப்பதும் கட்டுவதும்

எச்.எஸ்.எஸ். டூலைச் சாதாரணச் சாம்பல் நிறக் கல்லிலோ வெள்ளைக் கல்லிலோ அரைக்கலாம். முதலில் முன்பக்கக் கிளியரன்ஸ், பிறகு பக்கவாட்டுக் கிளியரன்ஸ், கடைசியாக மேற்பரப்பு என்ற வரிசையில் அரைத்தால் கோணங்கள் ஒன்றையொன்று கெடுக்காது. அரைக்கும்போது நீல நிறம் ஏறினால் டூல் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த நிறம் தோன்றும் சூடு எச்.எஸ்.எஸ்.ஸைப் பாதிக்காது. இருந்தாலும் அடிக்கடி தண்ணீரில் தொட்டெடுத்து, கையில் பிடிக்கும் சூட்டிலேயே வைத்துக்கொண்டால் விரலும் டூலும் நலமாக இருக்கும். இறுதியில் எண்ணெய்க் கல்லில் நான்கைந்து முறை இழுத்து, விளிம்பிலுள்ள பிசிறை எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்ப்பவர்கள் பலர். அதைச் செய்தவரின் ஷாஃப்டையும் செய்யாதவரின் ஷாஃப்டையும் விரலால் தடவினாலே வேறுபாடு தெரியும்.

விடியாவைச் சாம்பல் நிறக் கல்லில் வைத்தால் அரையாது, சூடு மட்டும் ஏறும். அதற்குப் பச்சை நிற சிலிக்கன் கார்பைடுக் கல் தேவை. சூடான விடியாவைத் தண்ணீரில் முக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்து, அடுத்த வெட்டில் முனை பறந்துவிடும். விடியா வெட்டிக்கொண்டிருக்கும்போதே லேத்தை நிறுத்துவதும் அதே விளைவைத் தரும். முதலில் டூலைப் பின்னால் இழுத்துவிட்டு, பிறகுதான் நிறுத்த வேண்டும்.

அரைப்பதற்குப் பதிலாக, முனையை மட்டும் கழற்றி மாற்றும் இன்செர்ட்டுகளும் இப்போது சிறு பட்டறைகளுக்கு வந்துவிட்டன. ‘சிஎன்எம்ஜி 120408’ என்ற குறியீட்டில், முதல் எழுத்து 80 பாகைச் சாய்சதுர வடிவத்தையும், 12 வெட்டும் விளிம்பின் நீளத்தையும், 04 தடிமனையும், கடைசியில் உள்ள 08 முனை வளைவு 0.8 மி.மீ. என்பதையும் சொல்கின்றன. இரண்டாம் எழுத்தான ‘என்’ இன்செர்ட்டுக்குத் தனியே கிளியரன்ஸ் இல்லை, ஹோல்டரின் சாய்வால்தான் கிடைக்கிறது என்பதைக் குறிக்கும். அப்படிப்பட்ட இன்செர்ட் வெட்ட அதிகச் சக்தியை வாங்கும். சிறிய, பழைய லேத்துக்கு இரண்டாம் எழுத்து ‘சி’ என்று வரும், 7 பாகைக் கிளியரன்ஸ் உள்ள சிசிஎம்டி வகையே இலகுவாக ஓடும்.

எவ்வளவு சரியான டூலைத் தேர்ந்தெடுத்தாலும், அதை வேலைப்பொருள் சுழலும் மையத்தின் உயரத்தில், அதாவது சென்டர் உயரத்தில் கட்டாவிட்டால் எல்லாக் கோணங்களும் மாறிவிடும். டூல் உயரமாக இருந்தால் கிளியரன்ஸ் குறைந்து உரசும். தாழ்ந்திருந்தால் ரேக் குறையும், முனைப்பரப்பைத் தட்டையாக்கும் ஃபேசிங் செய்யும்போது நடுவில் ஒரு குமிழ் எஞ்சும். இதைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. லேத்தை நிறுத்திவிட்டு, ஒரு சிறிய ஸ்டீல் ஸ்கேலை உருண்டையான வேலைப்பொருளுக்கும் டூலின் முனைக்கும் நடுவே செங்குத்தாக வைத்து, டூலை மெல்ல முன்னே நகர்த்தி ஸ்கேலைப் பிடிக்கச் செய்யுங்கள். ஸ்கேல் நேராக நின்றால் உயரம் சரி. ஸ்கேலின் மேல்முனை உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. வேலைப்பொருளை நோக்கிச் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. டூலின் அடியில் வைக்கும் தகட்டைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம்.

சுருள் சொல்வது

தேர்வு சரியா என்பதை ஓடத் தொடங்கிய அரை நிமிடத்தில் சுருளே சொல்லிவிடும். எச்.எஸ்.எஸ். கொண்டு எம்.எஸ். கடையும்போது சுருள் வெள்ளி நிறத்திலோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ வர வேண்டும். கருநீலமாக வந்தால் வேகம் கூடிவிட்டது. விடியாவில் நீலச் சுருள் வருவது இயல்பே. பிறந்த சூடு டூலில் தங்காமல் சுருளோடு வெளியேறுகிறது என்று பொருள். சுருளின் அடிப்பக்கம், டூலின் மீது வழுக்கி வந்த பக்கம், வழவழப்பாக இல்லாமல் சொரசொரவென்று இருந்தால் முனையில் உலோகம் ஒட்டத் தொடங்கிவிட்டது என்று அறிந்து, வேகத்தையோ ரேக்கையோ கூட்ட வேண்டும். முழ நீளத்துக்கு அறுபடாமல் வரும் சுருள் மிக ஆபத்தானது. அதைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கியால்தான் எடுக்க வேண்டும். சுற்றுகிற லேத்தின் அருகே கையுறையும், தளரக் கட்டிய சாரமும், தொங்கும் சட்டைக் கையும் கூடவே கூடாது. ஃபீடைச் சற்றுக் கூட்டினாலோ, டூலின் மேற்பரப்பில் சுருளை முறிக்கும் சிறு பள்ளம் அரைத்தாலோ அது துண்டு துண்டாக ஒடிந்து விழும்.

தொடங்குகிறவர் பெட்டி நிறைய டூல் வாங்க வேண்டியதில்லை. நாலு நூல் எச்.எஸ்.எஸ். பிட்டுகள் நான்கு வாங்குங்கள். ஒன்றை எம்.எஸ்.ஸுக்கு 14 பாகை ரேக்கிலும், இன்னொன்றைக் கன்மெட்டலுக்குத் தட்டையாகவும், மூன்றாவதை 60 பாகை மரைக்கும் அரைத்துக்கொள்ளுங்கள். நான்காவது அரைத்துப் பழகுவதற்கு. அவற்றோடு வார்ப்பிரும்புக்குக் கே20 விடியா ஒன்றும், வெல்டிங் வைத்த ஷாஃப்டுக்கு பி30 விடியா ஒன்றும், நல்ல எண்ணெய்க் கல் ஒன்றும் சேர்ந்தால், படகுத்துறையிலிருந்து வரும் அந்தச் சாக்கைத் தயங்காமல் அவிழ்க்கலாம்.